பழைய டிராயிங்

ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கையில் மூன்று பொருள் கொடுத்தார்கள். ஓர் இரும்பு அலமாரியின் சாவி, சிவப்பு ஸ்டாம்ப் பேட், ‘அப்சலீட்’ என்று பதியும் ரப்பர் முத்திரை. வண்டிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்ன யூனிட் அது. லேலண்டு லாரியும் டிவிஎஸ் மொபெட்டும் டைட்டன் கடிகாரமும் 1980களில் இந்த ஊருக்கு வந்த பிறகு அவற்றைச் சுற்றி முளைத்த ஷெட்டுகளில் ஒன்று. என் வேலைக்கு ‘டாக்குமெண்ட் கண்ட்ரோல்’ என்று பெயர். ஷாப்பில் ‘பேப்பர்காரர்’ என்பார்கள்.

வாடிக்கையாளர் கம்பெனி ஒரு பாகத்தின் அளவை மாற்றினால் புது டிராயிங் வரும். மூலையில் ரிவிஷன் ‘பி’ என்றிருந்தது ‘சி’ ஆகியிருக்கும். அதை மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டுவது ஐந்து நிமிட வேலை. பழைய டிராயிங் எத்தனை காப்பி போயிற்று, எந்த மெஷினில் இருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்று பதிவேட்டைப் பார்த்து, அத்தனையையும் திரும்ப வாங்கி, சிவப்பு முத்திரை குத்தி அலமாரிக்குள் பூட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதை நான் சேர்ந்த ஏழாம் மாதம்தான் புரிந்துகொண்டேன். நைட் ஷிப்டில் ஒரு லேத் ஆபரேட்டர், நல்ல கைகாரர், பழைய டிராயிங்கைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். கண்ணாடி போடாமலே படிக்கலாமே என்று. சுவரில் புது டிராயிங் தொங்குகிறது. அவர் மூடியைத் திறந்து பழையதைப் பார்க்கிறார். காலையில் கேஜ் போட்டபோது 600 புஷ் ஸ்கிராப்.

“சுவத்துல மாட்டினியே, மூடியைத் திறந்து பாத்தியா?” என்று மேனேஜர் என்னைத்தான் கேட்டார். ஆபரேட்டரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெப்சைட் வேலை என் தலையில் விழுந்தது 2009இல். பெங்களூரில் இருந்து வந்த ஒரு டிசைனர் பையன் கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுத்துவிட்டு, அடுத்த வேலை கிடைத்ததும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். முதலாளி என்னைக் கூப்பிட்டார். “ஏம்ப்பா, காயிதமெல்லாம் நீதானே பாக்குற, இதையும் பாரு. இதுவும் காயிதம்தான், கண்ணாடிக்குள்ள இருக்கு, அவ்வளவுதான்.”

திறந்து பார்த்தால் முகவரியில் ‘தருமபுரி மாவட்டம்’ என்று இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9. நான் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த வருடம்தான். மீதமிருந்த லெட்டர்ஹெட் கட்டுகளில் பழைய மாவட்டத்தை அடித்துப் புதியதை ரப்பர் ஸ்டாம்பில் குத்தியது என் முதல் வேலைகளில் ஒன்று. வெப்சைட் செய்ததோ அதற்குப் பிறகு. எப்படி வந்தது தருமபுரி? டிசைனர் பையன் கேட்ட விவரங்களுக்கு யாரோ மேஜையடியில் கிடந்த பழைய பிரோஷரை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். டூல் பாக்ஸ் மூடிதான், வேறென்ன.

தொடர்பு பக்கத்தில் திருத்தினேன், முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து முகப்பின் அடிவரியில் தருமபுரி. பிறகு இறக்கிக்கொள்ளும் பிரோஷர் பிடிஎஃபில். பிறகு கம்பெனி வாசலின் படத்துக்குள்ளேயே எழுத்தாக. ஒரே தகவல், நான்கு இடம். அன்றைக்கு ஒரு நீள நோட்டு வாங்கினேன். இடப்பக்கம் ஒரு தகவல்: முகவரி, தொலைபேசி, சான்றிதழ் எண், மெஷின்களின் எண்ணிக்கை. வலப்பக்கம் அது எந்தெந்த இடங்களில் இருக்கிறது. தகவல் மாறினால் வலப்பக்கம் முழுதும் டிக் விழும்வரை வேலை முடியவில்லை என்று கணக்கு. இப்போது ஓசூர், பாகலூர் சாலை, கிருஷ்ணகிரி என்று பல யூனிட்டுகளின் வெப்சைட்டை வெளியிலிருந்து பார்த்துக் கொடுக்கிறேன். நோட்டு எக்செல் ஆகிவிட்டது. இடப்பக்கம், வலப்பக்கம் அப்படியே.

புது வாடிக்கையாளரிடம் போனால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “நல்லா எழுதிக் குடுங்க.” வரவேற்புரை வேண்டும், தொலைநோக்கு வேண்டும், முதலாளி கோட்டு போட்ட படம் வேண்டும். போட்டுக் கொடுப்பேன், பிழைப்பு. ஆனால் புனேயிலோ மானேசரிலோ உட்கார்ந்திருக்கிற பர்ச்சேஸ் ஆபீசர் வரவேற்புரை படித்து நான் பார்த்ததில்லை. அவர் தேடுவது மெஷின் பட்டியல். ‘விஎம்சி 4’ என்று எழுதினால் போதாது. டேபிள் எவ்வளவு, எக்ஸ் அச்சில் எத்தனை மில்லிமீட்டர் ஓடும், பிரஸ் என்றால் எத்தனை டன். அதை வைத்துத்தான் தன் பாகம் இங்கே உட்காருமா என்று பார்ப்பார். பட்டியலைச் சேர்ப்பதில் எல்லோருக்கும் உற்சாகம். புது மெஷின் இறங்கினால் மாலை போட்டுப் படம் எடுத்து, குங்குமம் காய்வதற்குள் எனக்கு வாட்ஸ்அப் வந்துவிடும். மெஷின் விற்றால் ஒருவரும் சொல்வதில்லை. ஒரு யூனிட்டில் வாடிக்கையாளரின் ஆடிட்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்தார். வெப்சைட் பக்கத்தில் ஏழு, ஷெட்டில் ஆறு. ஏழாவது மெஷின் இரண்டு வருடம் முன்பே கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. “இதில் எது சரி, மற்றதில் எதை நம்பட்டும்?” என்று ஆடிட்டர் கேட்டதற்கு அங்கே இருந்த யாரிடமும் பதில் இல்லை.

சான்றிதழ் இன்னும் மோசம். வண்டித் தொழிலில் இருக்கிறவர்களுக்கு டிஎஸ் 16949 என்பது ஒரு காலத்தில் நெற்றித் திருநீறு மாதிரி. 2016இல் அதன் இடத்துக்கு ஐஏடிஎஃப் 16949 வந்தது. ஐஎஸ்ஓ 9001க்கும் 2008 பதிப்பு போய் 2015 பதிப்பு. இரண்டுக்கும் பழைய சான்றிதழ்களின் ஆயுள் 2018 செப்டம்பர் நடுவோடு முடிந்தது. யூனிட்டுகள் ஓடி ஓடி மாற்றின, ஆடிட் முடித்தன, புதுச் சான்றிதழைச் சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டின. வெப்சைட்டில் மட்டும் பழைய லோகோ வருடக்கணக்கில் இருந்தது. ரிசப்ஷனை மாதம் பத்து பேர் பார்ப்பார்கள். வெப்சைட்டைத்தான் புதிதாய் வருகிற எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். என்னுடைய எக்செலில் சான்றிதழ் வரியில் முடியும் தேதியும் எழுதியிருக்கும். இரண்டு மாதம் முன்பே போன் போட்டுக் கேட்பேன். “அதெல்லாம் நடக்கும்ப்பா” என்பார்கள். தேதி வந்துவிட்டால் புதியது கைக்கு வரும்வரை பழையதை எடுத்துவிடுவேன். இதில் மட்டும் முதலாளி கோபித்தாலும் நான் வளைவதில்லை.

எல்லையில் இருப்பதால் எங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, வேறு மாநிலம். பல முதலாளிகளுக்கு வீடும் ஆபீசும் அந்தப் பக்கம், தொழிற்சாலை இந்தப் பக்கம். சிலருக்கு இரண்டு பக்கமும் ஷெட். வெளிநாட்டுக்காரருக்கு ஓசூர் தெரியாது, ‘பெங்களூருக்கு அருகில்’ என்று போடுங்கள் என்பார்கள். நியாயம்தான். ஆனால் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு அந்த ‘அருகில்’ விலை கேட்க ஆரம்பித்தது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, கர்நாடகம் 29. இரண்டு மாநிலத்திலும் பதிவுள்ள ஒரு யூனிட்டின் தொடர்பு பக்கத்தில் முகவரி சிப்காட், எண் 29இல் தொடங்குவது. ஆபீஸ் பையன் அனுப்பினான், நான் ஒட்டினேன். சென்னையிலிருந்து மூலப்பொருள் அனுப்பிய ஒருவர் அதைப் பார்த்தே பில் போட்டுவிட்டார். 33 என்றிருந்தால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. 29 என்றதால் மாநிலங்களுக்கு இடையிலான வரி. பில்லைத் திருத்தி வாங்கும்வரை லோடு பிரிக்கப்படாமல் கிடந்தது. பின்கோடும் அப்படித்தான். ஓசூர் நகரத்துக்கு 635109, சிப்காட்டுக்கு 635126. ஊர்க்காரனுக்கு இரண்டும் ஓசூர். இ-வே பில்லில் தூரம் கணக்காவது பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு.

அதற்குப் பிறகு எண் எதுவாக இருந்தாலும் நான் தனியாக ஏற்றுவதில்லை. ஏற்றிய பக்கத்தைப் போனில் திறந்து, யூனிட்டில் ஒருவரை வாசித்துக் காட்டச் சொல்லி, மூலச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நான் டிக் போடுவேன். ஷாப்பில் முதல் பீஸை ஆபரேட்டர் அளந்தபின் இன்ஸ்பெக்டர் இன்னொரு முறை அளப்பாரே, அது. போனில் திறப்பதற்குக் காரணம் உண்டு. முதலாளிகள் பெரிய மானிட்டரில் பார்த்து ‘ஓகே’ சொல்வார்கள். வாங்குகிறவர் பார்ப்பது கைப்பேசியில். மானிட்டரில் அழகாக இருந்த மெஷின் அட்டவணை போனில் வலப்பக்கம் வெட்டுப்பட்டு, டன் எண்ணிக்கை மட்டும் காணாமல் போயிருக்கும்.

என் தொழில் வாழ்க்கையின் பெரிய விபத்துக்கு வருகிறேன். 2014 நவம்பர் 1, கர்நாடக ராஜ்யோத்சவ நாள், பெங்களூர் அதிகாரபூர்வமாக ‘பெங்களூரு’ ஆனது. அந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள் நிறைய உள்ள ஒருவர், நம் சைட்டிலும் உடனே மாற்றிவிடலாம், மரியாதையாக இருக்கும் என்றார். பக்கம் பக்கமாகப் போகச் சோம்பல். டேட்டாபேஸுக்குள் நுழைந்து, ஆங்கிலத்தில் பழைய பெயர் எங்கிருந்தாலும் புதிய பெயர் என்று ஒரே கட்டளை. ஒரு நொடி. எவ்வளவு கெட்டிக்காரன் நான் என்று டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் படங்களில் பாதி உடைந்திருந்தன. படக் கோப்புகளின் பெயரிலும் பழைய ஊர்ப்பெயர் இருந்திருக்கிறது. டேட்டாபேஸ் புதுப்பெயரைச் சொல்லிக் கேட்கிறது, சர்வரில் கோப்பு பழைய பெயரிலேயே கிடக்கிறது. அடுத்து, வாடிக்கையாளர் பட்டியலில் பதிவான கம்பெனிப் பெயர்கள். ஊர் பெயர் மாறினால் பதிவான பெயர் தானாக மாறாது. ஒருவருடைய கம்பெனிக்கு நாமே பெயர் சூட்டியிருந்தோம். இவ்வளவிலும் ஒரு தற்செயல் எங்களைக் காப்பாற்றியது: ஆங்கிலத்தில் பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் எழுத்து ஒன்பதுதான். வேர்ட்பிரஸ் சில அமைப்புகளைச் சேமிக்கும்போது சொல்லோடு அதன் நீளத்தையும் எழுதி வைக்கும். நீளம் மாறியிருந்தால் முகப்பின் பெட்டிகள் எல்லாம் காணாமல் போயிருக்கும்.

தமிழ்ப் பக்கங்களில் அந்தத் தற்செயலும் இல்லை. ‘பெங்களூரில்’, ‘பெங்களூரை’, ‘பெங்களூரிலிருந்து’ என்று வேற்றுமை உருபு ஏறி வருமே, அதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று புள்ளியில்லாத ‘ர’ வரைக்கும் தேடி, அங்கெல்லாம் ‘ரு’ போட்டேன். ‘ரு’வுக்குப் பின்னால் ஏற்கெனவே நின்ற இகரக் குறியும் ஐகாரக் கொம்பும் ஒட்ட இடமில்லாமல் புள்ளி வட்டத்தின் மேல் அந்தரத்தில் தொங்கின. அதே சர்வரில் கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் கம்பெனி ஒன்றின் பக்கங்களும் இருந்தன. கூழுக்குப் போகிற ரகத்துக்கு இங்கே ‘பெங்களூரா’ என்று பெயர். கிளிமூக்கு, தோத்தாபுரி என்றும் சொல்வார்கள். அந்த மாங்காய்க்கும் கால் முறிந்தது.

பேக்கப் எடுக்காமல் கை வைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று ராத்திரி கையால் திருத்தினேன். அன்றிலிருந்து மொத்த மாற்றத்துக்கு முன்னால் ஒரு பிரதி, மாற்றும் முன்பே எத்தனை இடம் என்ற பட்டியல், பட்டியலை வரிவரியாகப் படித்து ‘இது மாறும், இது மாறாது’ என்று குறிப்பது. அப்புறம்தான் கட்டளை. 2020 ஜூனில் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியானபோது இரண்டு பேர் போன் செய்து உடனே மாற்றச் சொன்னார்கள். “ஒரு வாரம் பொறுங்கண்ணே” என்றேன். அதற்குள் ஆணையே திரும்பப் பெறப்பட்டது. சோம்பலுக்கும் நிதானத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

தமிழ்ப் பக்கம் என்றதும் இன்னொன்று. பழைய டிடிபி சென்டர்களில் அடித்த நோட்டீஸ்கள் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். அப்படியே ஒட்டினால் சைட்டில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வாந்தி எடுத்தது போல வரும். தமிழக அரசே 2010இல் யூனிகோடுக்கு ஆணை போட்டுவிட்டது; எங்கள் தெரு டிடிபி கடைக்கு அந்த ஆணை இன்னும் வந்து சேரவில்லை. மாற்றியில் போட்டு எடுத்தாலும் முழுதாக நம்ப முடியாது. ‘கௌ’வில் வரும் சிறகுக்குப் பதிலாக ‘ள’ உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், தேடினால் கிடைக்காது. ஊர்ப் பெயரையே ஓசூர், ஒசூர், ஹோசூர் என்று மூன்று விதமாக எழுதுகிற ஊர் இது. ஒரு சைட்டுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வேன்.

வேர்டிலிருந்தோ எக்செலிலிருந்தோ எடுப்பதை நேராக ஒட்டுவதில்லை. முதலில் வெறும் எழுத்தாக நோட்பேடில். இதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு யூனிட் ஐந்து மைக்ரான் வட்டத்தன்மை தரும் என்று எக்செலில் இருந்தது, மைக்ரானுக்கு ‘மியூ’ குறி போட்டு. பழைய சைட்டில் ஒட்டியதும் குறிக்கு முன்னால் தொப்பி வைத்த ஆங்கில ‘ஏ’ ஒன்று முளைத்தது. எழுத்துக் குறியீட்டுச் சண்டை. ஆபீசில் யாரோ பார்த்துவிட்டு, ஏதோ அழுக்கு என்று தொப்பியோடு மியூவையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். மிச்சம் நின்றது ஐந்து ‘எம்’. “சார், உங்க ரவுண்ட்னெஸ் அஞ்சு மீட்டரா?” என்று ஒரு வாடிக்கையாளர் போன் செய்து சிரித்தார். யார் துடைத்தது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு திருத்தத்தையும் பெயரோடு சேமித்து வைக்கும். அந்த ஆபீசில் எட்டு பேரும் ஒரே ‘அட்மின்’ பெயரில் நுழைந்துகொண்டிருந்தார்கள். எட்டு பேருக்கும் தனித்தனி நுழைவு கொடுத்தபின் துடைக்கிற பழக்கம் தானாக நின்றது. நான் குறி போடுவதையும் நிறுத்திவிட்டேன், ‘மைக்ரான்’ என்றே எழுதுகிறேன்.

மாங்காய்க் கூழ் கம்பெனியில் சிக்கல் வேறு மாதிரி. சீசனில் கொள்முதல் விலை தினம் மாறும். விலையைப் படமாகச் செய்து ஒரே கோப்புப் பெயரில் தினமும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம், வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வசதி என்று. காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி டிராக்டரோடு வந்து போனைக் காட்டினார். அவர் போனில் நேற்றைய விலை. பெயர் மாறாததால் போன் புதுப் படத்தை இறக்கவே இல்லை, தன் நினைவிலிருந்த பழையதைக் காட்டியது. கேட்டில் இன்றைய விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் கம்மி. டிராக்டர் நிறையப் பறித்த காயைத் திரும்பக் கொண்டுபோய் மரத்திலா ஒட்டுவார்? “நான் ஊட்ல இருந்து பாத்துட்டுத்தாண்ணா வந்தேன்” என்று அவர் சொன்னபோது கம்பெனிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். இப்போது விலை எழுத்தாக இருக்கிறது, பக்கத்தில் தேதியும் மணியும். படம் வேண்டுமென்றால் தினம் ஒரு புதுப் பெயர். எழுத்தாக வைத்ததில் இன்னொரு பலனும் கிடைத்தது: படிக்கத் தெரியாதவர்களுக்குப் போனே வாசித்துச் சொல்கிறது.

கடைசியாக ஆள் எடுப்பு அறிவிப்பு. ஒரு யூனிட்டுக்கு ஐடிஐ முடித்த பயிற்சியாளர்கள் வேண்டும் என்று ஒரு பக்கம் போட்டேன். ஆள் நிரம்பியதும் மெனுவிலிருந்து எடுத்துவிட்டேன். மெனுவிலிருந்து எடுத்தால் பக்கம் போய்விட்டது என்று நினைத்தேன். பக்கம் அதே முகவரியில் உயிரோடுதான் இருந்தது. கூகுள் அதை மறக்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து ஒரு காலை கேட்டிலிருந்து செக்யூரிட்டி அண்ணன் போன். செங்கத்திலிருந்து ஒரு பையன், ஃபிட்டர் சான்றிதழோடு. விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கிறான். கையில் பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட். ‘இந்த மாத இறுதிக்குள் நேரில் வரவும்’ என்று என் வாசகம். எந்த மாதம், எந்த வருடம், ஒன்றும் இல்லை. தாளின் மூலையிலோ பிரவுசர் தானாகப் போட்ட தேதி இருந்தது, பிரிண்ட் எடுத்த முந்தின நாள் தேதி. “நேத்துதான் சார் போட்டிருக்காங்க” என்று அவன் அதைத் தொட்டுக் காட்டினான்.

இப்போதெல்லாம் ‘இந்த மாதம்’, ‘விரைவில்’, ‘புதிய’ என்ற சொற்களை நான் எந்தப் பக்கத்திலும் அனுமதிப்பதில்லை. நாள், மாதம், வருடம் மட்டும். ஆள் எடுப்புப் பக்கத்தை மறைப்பதும் இல்லை, அதே முகவரியில் வைத்து, ‘இன்ன தேதி நிலவரப்படி காலியிடம் இல்லை’ என்று மாற்றிவிடுவேன், பழைய வழியாக வருகிறவர்களும் அதில்தான் வந்து முட்டட்டும் என்று. வேறிடத்துக்குப் போன பக்கத்துக்குப் பழைய முகவரியில் 301 என்று ஒரு வழிகாட்டிக் கம்பு நடுவேன். அடியோடு போனதற்கு 410.

அன்று அந்தப் பையனை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியில் தெரிந்த இரண்டு யூனிட்டுகளில் பயோடேட்டா கொடுக்க வைத்தேன். டீ குடிக்கும்போது, “அந்தத் தாளை எங்கிட்ட குடுத்துடுப்பா” என்றேன். யூனிட்டில் காட்டி, நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு.

“பின்னாடி மாமா நம்பர் எழுதியிருக்கேன் சார்” என்று சொல்லி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.